மாவு கிரைண்டரும் ரத்தப் பரிசோதனைக் கூடமும்

(திருநின்றவூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம்மைத் தேடி ஒருவர் வந்தது ஞாபகம் இருக்கும். புதிதாகத் தொடங்கிய ரத்தப் பரிசோதனைக் கம்பெனியிலிருந்து வருவதாகச் சொன்னார். 2 லட்சம் ரூபாய் டெபாசிட் கட்டினால் நம் ஊரிலேயே மாதிரி சேகரிப்பு மையம் வைத்துத் தருவோம், மாதம் 30,000 ரூபாய் கமிஷன் நிச்சயம் என்றார். நாமும் மயங்கிவிட்டோம். வங்கிக் கடன் கேட்டுத் தீர்மானம் எழுதப் பேனாவைக்கூட எடுத்துவிட்டோம். அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர், "நிச்சயம்னு சொல்றீங்களே தம்பி, எழுதிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார். வந்தவரிடம் பதில் இல்லை. அந்த ஒரு கேள்வியால் தீர்மானம் நின்றது. இந்தத் தொழிலில் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று இன்றைக்குப் பார்ப்போம்.

நம்மில் சிலர் இட்லி மாவு அரைத்து விற்கிறோம். கிரைண்டர் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை ஒன்றுதான். 2 கிலோ அரைத்தாலும் 20 கிலோ அரைத்தாலும் அது மாறாது. நிறைய அரைத்தால் கிலோவுக்கு விழும் செலவு குறையும். பரிசோதனைக் கூடமும் இதே மாதிரிதான். மெஷின், டெக்னீஷியன் சம்பளம், வாடகை எல்லாம் 10 பேர் வந்தாலும் 100 பேர் வந்தாலும் ஒன்றுதான். பரிசோதனைக்கு ஊற்றும் மருந்துக்கும் காலாவதித் தேதி உண்டு. ஆள் வராவிட்டால் அதுவும் வீண். ஆகவே எத்தனை மாதிரி வரும் என்பதுதான் முதல் கணக்கு.

இதைச் சரியாகச் செய்த நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். கோவை பக்கம் அப்பநாயக்கன்பட்டி புதூரில் நிலமில்லாத குடும்பத்தில் பிறந்த ஆ. வேலுமணி. அவர் அம்மா இரண்டு எருமை வைத்துப் பால் விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்தார். வேலுமணி 1982-ல் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்து, தைராய்டு பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு அரசு வேலையை விட்டு, பி.எஃப். பணத்தைப் போட்டு 1996-ல் தைரோகேர் கம்பெனியைத் தொடங்கினார். அவர் மனைவி சுமதியும் ஸ்டேட் வங்கி வேலையை விட்டுவிட்டுக் கூடவே உழைத்தார்.

எல்லாப் பரிசோதனையும் செய்கிறேன் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த தைராய்டு ஒன்றையே எடுத்தார். ஊருக்கு ஊர் மெஷின் வைக்காமல், பல ஊர்களில் ரத்த மாதிரி சேகரித்து விமானத்தில் மும்பைக்கு வரவழைத்து, ஒரே கூடத்தில் இரவெல்லாம் மெஷினை ஓடவிட்டார். மாதிரி கூடக்கூடச் செலவு குறைந்தது. விலையைக் குறைத்தார். விலை குறைந்ததால் இன்னும் மாதிரி வந்தது. 2016-ல் கம்பெனிப் பங்குகள் சந்தைக்கு வந்தன. 2021-ல் 66 சதவீதப் பங்கை பார்ம்ஈசி நிறுவனத்தார் 4,546 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் ஆனது. இடையில் ஓடியது 25 வருஷ உழைப்பு என்பதை மறக்கக் கூடாது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அமெரிக்காவில் எலிசபெத் ஹோம்ஸ் என்ற பெண் 19 வயதில், 2003-ல், தெரனோஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். விரல் நுனியில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்திலேயே ஏராளமான பரிசோதனை செய்யும் மெஷின் இருக்கிறது என்றார். பெரிய பெரிய பணக்காரர்கள் 70 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். 2014-ல் கம்பெனியின் மதிப்பு 900 கோடி டாலர் என்றார்கள். 2015-ல் ஒரு பத்திரிகை உண்மையை வெளியிட்டது. பெரும்பாலான பரிசோதனைகளை மற்ற கம்பெனி மெஷின்களில்தான் செய்திருக்கிறார்கள்! 2018-ல் கம்பெனி மூடப்பட்டது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக 2022-ல் அவருக்கு 11 வருஷத்துக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

நம் ஊர் பூசலார் நாயனார் கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினவர். ஆனால் அந்தக் கோயிலைக் காட்டி அவர் யாரிடமும் பணம் வாங்கவில்லை. மனசில் மட்டும் இருக்கும் மெஷினைக் காட்டிப் பணம் வாங்கினால் அது வேறு கதை.

சரி, நம் கணக்குக்கு வருவோம். இது உதாரணம்தான். 2 லட்சம் கடனை 12 சதவீத வட்டியில் 24 மாதத்தில் கட்டினால் தவணை சுமார் 9,400 ரூபாய். அறை வாடகை, ரத்தம் எடுப்பவர் சம்பளம், கரண்ட், போக்குவரத்து எல்லாம் 20,000 ரூபாய் என்று வையுங்கள். மொத்தம் 29,400. ஒருவரின் பில் 300 ரூபாய், நமக்குக் கமிஷன் கால் பங்கு என்றால் கிடைப்பது 75 ரூபாய். அப்படியானால் மாதம் 392 பேர் வரவேண்டும். 25 வேலை நாளில் தினம் 16 பேர்! அதுவும் கடனும் செலவும் கட்டத்தான். நம் கையில் ஒரு பைசா நிற்காது.

தினம் 16 பேர் வருவார்களா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல பரிசோதனைகள் இலவசம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆகவே சகோதரிகளே, கையெழுத்துப் போடும் முன் நாம் கேட்க வேண்டியவை இவை. கம்பெனியின் ஆடிட் செய்த வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். பதிவு பெற்ற கம்பெனிகள் வருஷா வருஷம் கணக்கைக் கம்பெனிப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். சிறு கட்டணம் கட்டி யாரும் அதைப் பார்க்கலாம். புதுக் கம்பெனி நஷ்டத்தில் இருந்தால் அதற்காகவே தப்பு என்று சொல்ல முடியாது. எத்தனை மாதம் தாங்கும் பணம் அதன் கையில் இருக்கிறது என்று பாருங்கள். டெபாசிட் எப்போது, எப்படித் திரும்பும் என்று பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். பரிசோதனைக் கூடத்துக்குப் பதிவுச் சான்று இருக்கிறதா, ஊசிக் கழிவை யார் எடுத்துப் போவார்கள் என்றும் கேளுங்கள். ரத்தத்தைப் பயிற்சி பெற்றவர்தான் எடுக்க வேண்டும். ரிசல்ட் தப்பானால் கெடுவது நம் அக்கம்பக்கத்தார் உடம்பு.

ஒரு யோசனை. பக்கத்தில் இருக்கும் லேப்களுக்கு ஒரு வாரம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று முறை போட்டு எண்ணுவோம். அடுத்த கூட்டத்தில் அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, வந்தவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவோம். கணக்கு சரியாக வந்தால் தைரியமாகக் கடன் வாங்கலாம். வராவிட்டால் நம் சேமிப்பு பத்திரமாக இருக்கும். கடனை வாரா வாரம், மாதா மாதம் கட்டப்போவது நாம்தானே!