கடனும் கடமையும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



‘ஏழை நாடுகளும் வெளிநாட்டுக் கடனும்’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. மொழிகாக்கும் அவையில் கடனைப் பற்றிய பேச்சு எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணலாம். அவர்களுக்கு என் மறுமொழி இது: ஒரு நாட்டு மக்களின் வருங்காலத்தைப் பிணையாக வைக்கும் ஆவணம், அம்மக்களால் படிக்கவியலாத மொழியில் எழுதப்படுகிறது என்றால், அது பொருளியற் சிக்கல் மட்டுமன்று, மொழிச் சிக்கலுமாகும்.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். நம் மொழியில் ‘கடன்’ என்னும் சொல் இரு பொருள் தரும். வாங்கியதைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பு ஒன்று. செய்தே தீரவேண்டிய கடமை மற்றொன்று. தாய்க்கு இன்னது கடன், தந்தைக்கு இன்னது கடன், வேந்தனுக்கு இன்னது கடன் என்று புறநானூற்றுப் பாட்டொன்று வகுத்துரைப்பதை நீங்கள் அறிவீர்கள். கடமை, கடப்பாடு என்பனவும் அச்சொல்லின் இனத்தனவே. வாங்கியவனுக்கு ஒரு கடன் உண்டு; கொடுத்தவனுக்கும் ஒரு கடன் உண்டு. இந்த இரண்டாம் பாதியை மறந்ததே இன்றைய உலகின் பெருங்குற்றம். வள்ளுவப் பெருந்தகை நல்குரவு, இரவு, இரவச்சம் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வறுமை இரக்கச் செய்யும். இரத்தலோ மானத்தை அழிக்கும். தனியாளுக்கு உரைத்த அம்முறைவைப்பு நாடுகளுக்கும் பொருந்துவதைக் காண்கிறோம்.

நாளிதழ்கள் ‘உலக வங்கி’ என்றெழுதும் உலக வைப்பகம், 1944-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிரெட்டன் உட்சு என்னுமிடத்தில் 44 நாடுகளின் பேராளர்கள் கூடி வகுத்த திட்டத்தால் பிறந்தது. அது தந்த முதற்கடன் ஏழை நாட்டுக்கன்று. 1947-இல் பிரான்சு நாட்டுக்கு 25 கோடி தாலர்! போரில் இடிந்த ஐரோப்பாவை எழுப்புவதே அன்றைய முதல் வேலை. ஏழை நாடுகளுக்கென வட்டியில்லாமல், முக்கால் விழுக்காட்டுப் பணிக்கட்டணத்தோடு, நெடுங்காலத் தவணையில் கடன் தரும் பன்னாட்டு வளர்ச்சிக் கழகம் 1960-இல்தான் தோன்றியது. வியத்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைத்துறைச் செயலராயிருந்த இராபர்ட்டு மக்னமாரா, 1968-இல் வைப்பகத் தலைவரானார். அவரே 1973-இல் நைரோபியில் பேசும்போது, வளர்ச்சியின் பயன் அடித்தட்டு மக்களைச் சென்றடையவில்லை என்றும், இனிச் சிற்றுழவர்களை நோக்கிப் பணம் செல்லவேண்டும் என்றும் எடுத்துரைத்தார். பேச்சு நன்று. செயல் எப்படியிருந்தது?

அதனை அளந்தறிய ஒரு நாட்டின் வரலாற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்நாடு கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள தான்சானியா.

தாங்கனிக்கா 1961-இல் ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றது. 1964-இல் சான்சிபார்த் தீவுகளோடு இணைந்து தான்சானியாவாயிற்று. அதன் தலைவர் சூலியசு நியரேரே ஓர் ஆசிரியர். நூற்றுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழும் அந்நாட்டில், ஆள வந்தவன் மொழியை அரியணையில் ஏற்றாமல், மண்ணில் வளர்ந்த சுவாகிலி மொழியைப் பொதுமொழியாக்கினார். தொடக்கப்பள்ளி முழுதும் சுவாகிலி. நாடாளுமன்றப் பேச்சு சுவாகிலி. ஊர்மன்ற வழக்கு சுவாகிலி. நாட்டை ஆண்டுகொண்டே சேக்சுபியரின் சூலியசு சீசர் நாடகத்தை 1963-இல் சுவாகிலியில் பெயர்த்தார். 1969-இல் அவர் பெயர்த்த நாடகம் எது தெரியுமா? கடனுக்கு ஈடாக உடற்சதையைக் கேட்கும் வெனிசு நகரத்துக் கதை! அதற்கு ‘வெனிசின் முதலாளிகள்’ எனப் பொருள்படும் சுவாகிலிப் பெயரை இட்டார். கடன்கொடுப்போர் எதைக் கேட்பார்கள் என்பதைத் தம் மக்கள் தம் மொழியிலேயே அறியட்டும் என்று அவர் கருதினாரோ என எண்ணத் தோன்றுகிறது.

1967-இல் அவர் கட்சி வெளியிட்ட அருசா அறிக்கை இன்றும் படிக்கத்தக்கது. பணமே வளர்ச்சிக்கு அடிப்படை என்னும் எண்ணத்தை அது மறுத்தது. ஏழைநாடு தன்னிடம் இல்லாத பணத்தை நம்புவதும், பிறர் பணத்தால் வறுமை தீருமென்று எண்ணுவதும் அறியாமை என்றது. மக்கள், நிலம், நற்கொள்கை, நற்றலைமை என்னும் நான்குமே வளர்ச்சிக்கு வேண்டுவன என்று வகுத்தது. வெளியார் கடனும் கொடையும் விடுதலைக்கே ஊறாகலாம் என்றும் எச்சரித்தது.

ஆனால், தோழர்களே, எழுதிய அறிக்கை ஒருபுறம். நடந்த நடப்பு மறுபுறம். அவ்வறிக்கைக்குப் பின்னர்த்தான் தான்சானியா ஆப்பிரிக்காவில் மிகுதியாக வெளியுதவி பெற்ற நாடுகளுள் ஒன்றாயிற்று. உலக வைப்பகமும் வாரி வழங்கியது. அப்பணத்தின் ஒரு பகுதி போன வழியைக் கேளுங்கள்.

மொரோகோரோ என்னும் ஊரில் வைப்பகத்தின் கடனால் ஒரு செருப்பாலை எழும்பியது. நாட்டுக்கு வேண்டிய காலணி முழுவதையும் செய்து, எஞ்சிய பெரும்பங்கை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் என்பது திட்டம். பொறிகள் வந்தன, கட்டடம் எழுந்தது. வெப்ப நாட்டின் நடுவே காற்றோட்டமில்லாத அலுமினியச் சுவர்கள்! பொறியைப் பேணும் பயிற்சியும் இல்லை. உதிரி உறுப்பும் இல்லை. அதன் செய்திறனில் நூற்றுக்கு நான்கு பங்கைக்கூட அவ்வாலை என்றும் தாண்டவில்லை. 1990-இல் மூடப்பட்டது. ஆலை செத்தது, கடன் சாகவில்லை. திட்டத்தை ஆய்ந்து ஒப்பிய வல்லுநர்கள் ஊதியம் பெற்றுத் திரும்பினார்கள்; ஒரு செருப்பும் வாங்கியறியாத உழவன் கடனாளியானான். வாங்கியவன் கடனை எண்ணினார்கள். கொடுத்தவன் கடனை யார் எண்ணினார்?

குற்றம் முழுதும் வெளியாருடையது என்று நான் கூறமாட்டேன். உண்மையை மறைத்தல் தமிழர் பண்பன்று. 1970-களில், ‘உசமா’ என்னும் ஒருகுடும்ப உணர்வின் பெயரால், சிதறிக்கிடந்த உழவர்களைப் புத்தூர்களில் கூட்டும்போது அரசு வன்முறையையும் கையாண்டது, விளைச்சல் குன்றியது. 1977-இல் நியரேரே பத்தாண்டுக் கணக்குப் பார்த்து, தன்னிறைவை நாம் எட்டவில்லை என்று தாமே எழுதினார். தன்பிழையை ஒப்பும் அந்த நேர்மை கடன்கொடுத்தோரிடம் காணக் கிடைக்கவில்லை.

பின்னர் இடிமேல் இடி. கன்னெய் விலை 1973-இலும் 1979-இலும் ஏறியது. உகாண்டாவின் இடி அமீன் படையெடுத்ததால் 1978–79-இல் போர் மூண்டது. நாடு விற்ற குளம்பி, பருத்தி, கற்றாழைநார் ஆகியவற்றைக் கொண்டு முன்போலப் பொருள்களை வாங்க முடியவில்லை. பன்னாட்டுப் பணப் பொதியம் என்னும் உடன்பிறப்பு நிறுவனத்திடம் கையேந்த வேண்டியதாயிற்று. பணமதிப்பைக் குறை, செலவை வெட்டு என்று அது கட்டளையிட்டது. நியரேரே பணியவில்லை. பொதியம் எப்போது உலகநாடுகளுக்கெல்லாம் நிதியமைச்சகமாயிற்று, முடிவெடுக்கும் உரிமையை நாடுகள் அதனிடம் எப்போது ஒப்படைத்தன என்று 1980-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வினவினார். கடனடைக்க எம் பிள்ளைகளைப் பட்டினியிட வேண்டுமா என்றும் பின்னர்க் கேட்டார். 1985-இல் பதவியைத் தாமே துறந்தார். அடுத்த ஆண்டே, 1986-இல், தான்சானியா பொதியத்தோடு கைச்சாத்திட்டது.

அதன் விளைவு எங்கே விழுந்தது? பள்ளியில் விழுந்தது! தாய்நாட்டு மொழிவழிக் கல்வியால் எழுத்தறிவில் ஆப்பிரிக்காவின் முன்வரிசைக்கு வந்த நாடு அது. அங்கே மீண்டும் பள்ளிக்குப் பணம் கட்டவேண்டிய நிலை வந்தது. கடன் தவணைக்கு அரசின் வருவாயில் பெரும்பகுதி போயிற்று. 1980-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்திருந்த தொடக்கப்பள்ளிகளில், 1990-களில் சேர்க்கை வெகுவாக வீழ்ந்தது. வெனிசு நகரத்துக் கதையில் சதையைக் கேட்டவன் ஒருவன். இங்கே ஒரு தலைமுறையின் கல்வியே அறுக்கப்பட்டது.

இத்துடன் கதையை முடித்துக் கடனே கூடாது என்று நான் முழங்கினால் கைதட்டுவீர்கள். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை.

கடன்சுமைத் தள்ளுபடி கேட்டு உலகெங்கும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். மிகுகடன் ஏழைநாடுகளுக்கான திட்டம் 1996-இல் வந்தது. அதன்கீழ் 2001-ஆம் ஆண்டு இறுதியில் தான்சானியாவுக்கு ஏறத்தாழ 300 கோடி தாலர் அளவுக்குச் சுமைக்குறைப்பு உறுதியாயிற்று. அதே ஆண்டு தொடக்கப்பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டது. அதே உலக வைப்பகம் அதே நாட்டின் தொடக்கக் கல்வித் திட்டத்துக்கு 15 கோடி தாலர் எளிய கடன் தந்தது. ஊர்க்குழுக்களே முன்னின்று வகுப்பறை கட்டின. 2000-இல் ஏறத்தாழ 44 நூறாயிரமாயிருந்த தொடக்கப்பள்ளி மாணவர் தொகை, 2005-இல் ஏறத்தாழ 75 நூறாயிரமாயிற்று! வகுப்புகள் நெரிந்தன, ஆசிரியர் போதவில்லை என்பது மெய்யே. ஆயினும் பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள்.

கொடுத்தவனும் ஒருவன், வாங்கியவனும் ஒருவன். செருப்பாலை செத்தது ஏன்? பள்ளி பிழைத்தது ஏன்? ஆலை மக்கள் கேட்டதன்று, மேலிருந்து இறங்கியது. அதை இயக்கும் அறிவு அயல்மொழியில், அயலான் தலையில் இருந்தது. பள்ளியோ மக்களே விரும்பியது. அவர்கள் மொழியில் நடந்தது. ஊர்க்குழு கணக்கைப் படிக்கவும் கேள்வி கேட்கவும் முடிந்தது. வறுமையைப் பணம் தனித்து நின்று போக்குவதில்லை. மக்களின் அறிவோடும் மொழியோடும் சேர்ந்த பணமே போக்குகிறது.

தமிழகத்திலும் இதற்குச் சான்றுண்டு. 1980-இல் வைப்பகக் கடனோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டத் திட்டத்தில், ஊர்ப்பெண் ஒருத்தியே திங்கள்தோறும் குழந்தைகளை நிறுத்து, எடை குறைந்த குழந்தைக்கு ஊட்டவுணவு தந்து, தாயிடம் தமிழில் எடுத்துரைத்தாள். அத்திட்டத்தைப் பிறநாட்டாரும் எடுத்துக்காட்டாகப் போற்றினர். தாய் புரிந்துகொண்டதால் அது வென்றது.

இனி, நாம் கேட்கவேண்டியவை மூன்று.

ஒன்று: கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன், அதைச் சுமக்கப்போகும் மக்களின் மொழியில் முழுமையாக வெளிவரவேண்டும். நருமதை அணை எதிர்ப்புக்குப் பின் 1993-இல் உலக வைப்பகம் ஓர் ஆய்வுக்குழுவை அமைத்தது. ஊறுபட்டோர் அதனிடம் தம் சொந்த மொழியிலேயே முறையிடலாம். அழுவதற்குத் தாய்மொழி ஆகுமாம், அறிவதற்கு ஆகாதாம்! இதென்ன முறை?

இரண்டு: அறிவுரை கூறியவன் இழப்பிலும் பங்கேற்கவேண்டும். வைப்பகத்தின் வாக்குகளில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அமெரிக்காவின் கையிலுள்ளது. தொடக்கமுதல் அதன் தலைவர் பொறுப்பில் அமெரிக்கக் குடிமக்களே அமர்த்தப்பட்டு வருகின்றனர். முடிவு அவர்களுடையதானால் பிழையும் அவர்களுடையதே.

மூன்று: தவணை கட்டுவதற்காகப் பள்ளியையும் மருத்துவமனையையும் எந்த அரசும் வெட்டக் கூடாது.

தோழர்களே! சுவாகிலி மொழியைக் காத்த தான்சானியாவும் உயர்நிலைப் பள்ளிமுதல் ஆங்கிலத்தையே இன்றுவரை பயிற்றுமொழியாக வைத்திருக்கிறது. ஊர்க்குழுவுக்குச் சுவாகிலி, ஒப்பந்தத்துக்கு ஆங்கிலம் என்னும் பிளவு அதனால் நீடிக்கிறது. அது நமக்கும் பாடம். தொடக்கப்பள்ளியோடு நின்றுவிடும் தாய்மொழி, கருவூலத்தின் கதவைத் திறக்காது. பொருளியலையும் சட்டத்தையும் கணக்கியலையும் தமிழில் ஆக்குவது சொல்லாராய்ச்சியில் இன்பம் காணும் பொழுதுபோக்கன்று. நம் பெயரால் வாங்கப்படும் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்கும் ஆற்றலை நம் மக்களுக்குத் தருவதாகும்.

கடனைப் படித்தறிய வல்ல மக்களே கடமையைக் கேட்க வல்ல மக்கள். அம்மக்களை ஆக்குவதே நம் கடன்.

வாழ்க தமிழ்! வெல்க உழைக்கும் மக்கள்!