அஞ்சல் தலையின் தரமும் விலையும்

நம் பண்ருட்டி முந்திரியில் சுவை ஒன்றே. ஆயினும் முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு வேறு விலை. அஞ்சல் தலைக்கும் இந்நியதியே. 1948 ஆகஸ்டு 15-இல் வெளியான காந்தியடிகளின் பத்து ரூபாய்த் தலையைக் கருதுங்கள். ஓரத்துப் பற்கள் முறியாமலும், பின்புறப் பசை கலையாமலும் இருப்பதற்கே மேலான விலை. மடிப்போ, ஒட்டிய சுவடோ தெரிந்தால் விலை இறங்கும். மாணவர் பலர் கோந்து தடவி நோட்டில் ஒட்டிவிடுவதைக் கண்டு நான் வருந்தியதுண்டு.

'பிரிட்டிஷ் கயானாவின் 1856-ஆம் ஆண்டு ஒரு சென்ட் தலை, மூலைகள் வெட்டுண்டும் 2014-இல் ஏறத்தாழ 95 லட்சம் டாலருக்கு விலைபோயிற்றே!' என்பீர்கள். உண்மைதான். ஆனால் அவ்வகையில் உலகறிந்தது அஃது ஒன்றே. காந்தியடிகள் தலையோ பலரிடம் உண்டு. வாங்குபவர் பழுதற்றதையே தேடுவார்.