சட்ட மாணவனின் மாலைப் பொழுது

வகுப்பு நேரத்திற்கு மணி உண்டு; மாலைப் பொழுதுக்கு மணி இல்லை. பெருநகரில் மாணவன் தடுமாறுவது பெரும்பாலும் அப்பொழுதில்தான்.

சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலிருந்த கல்லூரியில் நான் சட்டம் பயின்றேன். வகுப்பு முடிந்ததும் தோழர்களுடன் சிற்றுண்டிச்சாலைக்குச் செல்வது வழக்கம். நாளுக்கு ஒருவர் செலவு. என் முறை நெருங்கும்போதெல்லாம் தலைவலி என்று ஒதுங்குவேன். பின்னர்க் கடன் வாங்கினேன். புத்தகம் வாங்கப் பணம் வேண்டுமென்று தந்தைக்குப் பொய்க் கடிதமும் எழுதினேன்.

அந்நாளில்தான் காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’யைப் படித்தேன். 1888ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டன் சென்ற அவரும் உயர்ந்த உடை, நடனம், வயலின் என்று நாகரிக மோகத்தில் ஆழ்ந்தவரே. ஏறத்தாழ 3 மாதங்களில் விழித்துக்கொண்டார். வயலினை விற்கச் செய்தார். வண்டிக் கட்டணத்தை மிச்சப்படுத்தி நாள்தோறும் 8 முதல் 10 மைல் நடந்தார். எனினும் மனிதரை விட்டு விலகினாரில்லை. தாவர உணவினர் சங்கத்தில் நல்ல நண்பர்களைப் பெற்றார். 1891இல் பாரிஸ்டரானார்.

மறுநாள் தோழர்களிடம் உண்மையைச் சொன்னேன். ஒருவன் நகைத்தான். மற்றொருவன், “என் நிலையும் அதுதான்” என்றான். அன்று முதல் நாங்கள் இருவரும் மெரினாக் கடற்கரைக்கு நடந்து சென்று, மணலில் அமர்ந்து வழக்குகளை வாதாடிப் பழகினோம்.

தந்தைக்கு உண்மையை எழுதத்தான் எனக்கு மேலும் ஒரு திங்கள் ஆயிற்று.