உவர் இறங்கும் காலம்



மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் வடக்குத் தெற்காக ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணல் நிலத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்றும் வழங்குகிறோம். ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டு தம் நிலத்துக்குப் பெயரிட்ட மக்கள், தம்மீது வீசும் காற்றுகளுக்கும் பெயரிடாமல் விடவில்லை. மத்திய மலைநாட்டில் தன் ஈரத்தையெல்லாம் இறக்கிவிட்டு, வெறுங்கையோடும் வெப்பத்தோடும் இங்கு வந்து சேர்வது கச்சான். நிலக்கடலையையும் நாம் கச்சான் என்றே சொல்கிறோம். காற்றுக்கும் கடலைக்கும் உள்ள உறவு யாதோ, அதைச் சொல்லாராய்ச்சியாளர்க்கு விட்டுவிடுவோம். மாரியோடு வருவது வாடை. இவ்விரு காற்றுகளுக்கும் நடுவே எழுவான்கரை வீட்டு வளவு ஒன்று எவ்வாறு வாடுகிறது, நெடுவரட்சிக்குப்பின் மழை கண்டு எவ்வாறு மீள்கிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஆண்டுக்கு 60 அங்குலத்துக்கு மேல் மழை பெறும் இந்நிலத்தை உலர் வலயம் என்று புவியியலாளர் வகுத்திருப்பது, முதன்முதல் கேட்போர்க்கு வியப்பைத் தரும். இலண்டன் மாநகரம் ஓராண்டு முழுவதும் பெறும் மழை ஏறக்குறைய 24 அங்குலந்தான். ஆயினும் அங்கே மழை பன்னிரண்டு மாதங்களிலும் பங்கிட்டுப் பெய்கிறது. இங்கோ பெரும்பகுதி நவம்பர் தொடங்கிச் சனவரி வரையுள்ள மூன்று மாதங்களிற் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் நாம் செலவழிப்பதெல்லாம் அந்தச் சேமிப்பையே. படுவான்கரையில் அச்சேமிப்பு உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களிற் கண்முன்னே நிற்கிறது. எழுவான்கரையில் அத்தகைய பெருங்குளம் இல்லை. அங்கே மணலே குளம்.

மணலிற் பெய்த மழை ஓடிவிடுவதில்லை; பெய்த இடத்திலேயே உள்ளே இறங்குகிறது. கீழே, ஒருபுறம் கடலிலிருந்தும் மறுபுறம் வாவியிலிருந்தும் ஊறிவந்த உவர்நீர் நிற்கிறது. நன்னீர் அதனினும் இலேசானது. ஆதலின் அதன்மேல், காய்ச்சிய பாலின்மேல் ஆடை போல, மிதந்து நிற்கிறது. நம்முடைய கிணறுகள் எட்டுவது இந்த ஆடையைத்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து நாட்டவரான கைபன் என்பவரும், 1901இல் ஜேர்மனியரான எர்ஸ்பேர்க் என்பவரும் இதற்கு ஒரு கணக்குக் கண்டனர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை அது உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பதே அக்கணக்கு. கேட்பதற்கு இனிய செய்திதான். ஆனால் அதனைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். மேலே ஓரடி நீர் குறையுமாயின், கீழே உவர் 40 அடி ஏறிவர வழி பிறக்கிறது. கோடையில் நம் கிணற்றில் நீர் சிறிதளவே இறங்கியிருக்க, சுவை மட்டும் பெரிதும் கெட்டுப்போவதன் காரணம் இதுவே.

2016ஆம் ஆண்டின் இறுதியில் வடகீழ்ப் பருவமழை பொய்த்தது. தொடர்ந்து வந்த 2017ஆம் ஆண்டில் இலங்கை, நாற்பது ஆண்டுகளிற் கண்டிராத வரட்சியைக் கண்டது என்றனர். அவ்வாண்டின் நெல் விளைவு ஏறக்குறைய 27 இலட்சம் தொன்னாகவே இருக்கும் என்றும், அது முந்திய ஆண்டினும் நூற்றுக்கு நாற்பது பங்களவு குறைவு என்றும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் மதிப்பிட்டது. வயலின் இழப்பை இவ்வாறு எழுதி வைக்க ஆட்கள் இருக்கின்றனர். வீட்டு வளவின் இழப்பை எழுதி வைப்பார் எவரும் இலர். ஆயினும் நாள்தோறும் கறிக்கு ஒரு பிடி முருங்கையிலையும், நான்கு கத்தரிக்காயும், ஒரு தேங்காயும் தந்துகொண்டிருந்த வளவு கைவிரிக்கும்போது, அந்த இழப்பு நேரே அடுப்படிக்கு வந்து நிற்கிறது.

வளவிலே வரட்சியை முதலில் அறிவிப்பது வாழை. நீர்ப்பஞ்சத்தை மட்டுமன்றி உவரையும் அது தாங்காது. இலையின் விளிம்பு தீயில் வாட்டியதுபோலக் கருகத் தொடங்கும். பயிற்றங்கொடி அதற்கும் முன்னரே மாண்டிருக்கும். முருங்கை தன் இலைகளை உதிர்த்துவிட்டுக் கழிபோல் நிற்கும். தென்னை அடியோலைகளைத் தொங்கவிட்டு, குரும்பைகளைக் கொட்டும். பனை ஒன்றே எதுவும் நடவாததுபோல நிற்கும். கிணற்றின் நிலையை வீட்டுப் பெண்கள் காலைத் தேநீரின் சுவையைக் கொண்டே சொல்லிவிடுவர்; ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. இந்நிலையில், செடி வாடுகிறதே என்று நாம் மேலும் மேலும் இறைக்கிறோம். இறைக்க இறைக்கக் கிணறு சவர்க்கிறது. அந்தச் சவர்நீரையே செடியின் அடியில் ஊற்றுகிறோம். நீர் ஆவியாகிப் போகிறது; உப்பு மண்ணிலே தங்குகிறது. வரட்சி கொன்ற செடிகளோடு, அன்பினால் நாமே கொன்ற செடிகளும் உண்டு.

இத்தகைய காலங்களில் நம் முன்னோர் கண்ணகையம்மனையே நோக்கினர். கச்சான் மும்முரமாகும் வைகாசியிலே, ஆண்டின் பெரும்பகுதி அடைத்துக் கிடக்கும் அம்மன் கோயில்கள் பல கதவு திறந்து சடங்கு நடத்துவதும், அதன் முடிவிலே குளிர்த்தி பாடுவதும் இன்றும் நிகழ்வன. மதுரையை எரித்தவளின் வெம்மை தணிந்தால் நிலத்தின் வெம்மையும் தணியும் என்பது கருத்து. மழை மிகவும் பொய்த்த ஆண்டுகளிலே, ஊரார் வடசேரி, தென்சேரி என இரு பிரிவாகி, வளைந்த மரக்கொம்புகளைப் பிணைத்து இழுத்து முறிக்கும் கொம்புமுறி விளையாட்டும் நடைபெற்றது. அதனால் மழை வந்ததா என்று கேட்போர் கேட்கலாம். ஊர் முழுவதும் ஒன்றுகூடி, நமக்கு நீர் இல்லை என்பதை ஒருமுகமாக உணர்ந்த நாள் அது என்பதை மட்டும் நான் சொல்வேன். இன்று அவரவர் கிணற்றில் அவரவர் மோட்டார் இருக்கிறது, அவ்வுணர்வுக்கு இடமில்லை.

இனி, மழைக்கு வருவோம்.

வாடை திரும்பி முதல் மழை விழுந்தவுடன் எழும் மண்வாசனையை அறியாதார் இல்லை. 1964இல் அவுஸ்திரேலிய அறிவியலாளர் இருவர் அதை ஆராய்ந்து பெட்ரிகோர் என்று பெயரிட்டனர். வரண்ட காலத்தில் தாவரங்களினின்றும் வெளிப்பட்ட நெய்ப்பொருள்கள் மண்ணிலும் கல்லிலும் படிந்திருந்து, ஈரம் பட்டதும் வெளிவருகின்றன என்றனர். வாசனையைக் காட்டிலும் பெரிய நிகழ்ச்சி ஒன்று அதே வேளையில் மண்ணுக்குள் நடைபெறுகிறது. கென்யாவில் ஆராய்ச்சி செய்த பேர்ச் என்பவர் 1958இல் அதை எடுத்துக்காட்டினார். நெடுநாள் உலர்ந்த மண் முதன்முதல் நனையும்போது, நுண்ணுயிர்கள் ஒருமிக்க விழித்து, மட்கிய பொருள்களைச் சிதைத்து, பயிர்க்கு வேண்டிய தழைச்சத்தைச் சில நாட்களுக்குள் வெள்ளம்போல விடுவிக்கின்றன. மண் எவ்வளவு அதிகமாக உலர்ந்திருந்ததோ, அவ்வளவுக்கு இந்த விடுவிப்பும் பெரிது.

ஆனால் நம்முடையது மணல். அதிலே எச்சத்தும் நெடுநாள் நில்லாது. அடுத்தடுத்த மழையிலே வேருக்குக் கீழே கரைந்து போய்விடும். முதல் மழைக்கு முன்னரே விதை மண்ணில் இருக்க வேண்டும். படுவான்கரையிலே மானாவாரி விதைப்போர், மழைக்கு முன்பே புழுதியில் நெல் விதைப்பது இந்த ஆதாயத்தையும் சேர்த்துப் பெறுகிறது. பேர்ச்சின் கட்டுரையைப் படியாமலே அவர்கள் கண்ட முறை அது. வளவிலும் அப்படியே செய்யலாம். வெண்டி, பூசணி, கீரை விதைகளை மழைக்காகக் காத்திராமல் ஊன்றி வைப்பதில் நட்டம் சிறிது. கோழிகள் கிளறாமற் பார்த்துக்கொண்டாற் போதும்.

மழை பெய்த மூன்றாம் நாள் என் வளவில் நான் கண்டவற்றைச் சொல்லுகிறேன். நான் நட்டவை எவையும் அசையவில்லை. எவரும் நடாதவை எங்கும் எழுந்துவிட்டன. சாறணையும் குப்பைமேனியும் கோரையும் ஒரே இரவில் நிலத்தை மூடின. வேலியிலே முசுட்டை துளிர்த்தது. ஒரு வாரம் கழிந்து, இறந்துவிட்டதென்று எண்ணியிருந்த அறுகு பச்சையூசிபோல் வெளிப்பட்டது. பத்தாம் நாளளவில் முருங்கைக் கணுக்களிற் புள்ளிபுள்ளியாகத் தளிர். செவ்வரத்தை இரண்டு வாரம் எடுத்துக்கொண்டது. வாழையின் தண்டு அழுகிச் சாய்ந்தது. ஆனால் அதன் கிழங்கிலிருந்து பக்கக்கன்று ஒன்று சுருட்டிய குருத்தோடு எட்டிப் பார்த்தது. தேசிமரம் மட்டும் ஒரு பக்கம் துளிர்த்து, மறுபக்கம் கட்டையாகவே நின்றது. எந்தக் கொப்பு உயிரோடிருக்கிறது என்பதை அறிய, நகத்தாற் பட்டையைச் சுரண்டி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்ப்பதே போதும். கத்தியை எடுப்பதற்கு அவசரம் இல்லை.

பச்சை கண்ட மகிழ்ச்சியில் நான் மோட்டாரைப் போடப் போனபோது, அடுத்த வளவு மூதாட்டி வேலிக்கு அப்பால் நின்று, “மண் குடிச்சு முடியட்டும் மனே, பிறகு நாம குடிப்பம்” என்றார். அன்று கிணற்றுநீரைச் சுவைத்துப் பார்த்தேன். அது இன்னும் சவராகவே இருந்தது. மேலே தோட்டம் பிழைத்துவிட்டது. கீழே வரட்சி இன்னும் முடியவில்லை. மேலாக இறங்கிய சில அங்குல மழை, அடியில் ஏறி நிற்கும் உவரைத் திரும்பக் கீழே தள்ளுவதற்கு நாட்கள் போதா. பல வாரங்கள் வேண்டும். மழை நலிந்தால் ஒரு மாரியும் போதாமற் போகலாம்.

இதற்கு நாம் பெரிய விலை கொடுத்துப் பெற்ற சான்று ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, கடல்நீர் கிணறுகளுக்குள்ளே நேரே புகுந்தது. துப்புரவாக்கும் நல்லெண்ணத்தோடு பலர் வந்து கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தனர். உவர் குறைந்தபாடில்லை. மிகுதியாக இறைத்தால் அடியிலுள்ள உவர்நீரே மேலேறும் என்று, சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தைச் சேர்ந்தோர் முதலான ஆய்வாளர் எச்சரித்தனர். இறுதியில் அக்கிணறுகளைத் திருத்தியது இயந்திரம் அன்று. மாரி மழை மணல் வழியே மெல்ல இறங்கி, உப்பைக் கழுவிக் கீழே கொண்டுபோயிற்று.

ஆதலின் மழை வந்த முதற் கிழமைகளில், இறைப்பதைக் குறைத்து, வருவதை உள்ளே விடுவதே வளவுக்காரர் செய்ய வேண்டியது. கூரைநீரைத் தெருவுக்கு விடாமல் வளவுக்குள் இறக்கலாம். முற்றம் முழுவதையும் சீமெந்தினால் மூடிவிட்டு, கிணறு சவர்க்கிறது என்று வருந்துவதிற் பொருளில்லை. களுதாவளை போன்ற ஊர்களிலே வெற்றிலையும் மிளகாயும் மரக்கறியும் பயிரிடுவோர்க்கு இது வெறும் வீட்டுத் தோட்டத்துச் செய்தி அன்று. அவர்களுடைய பிழைப்பு முழுவதும் இந்த மெல்லிய நன்னீர் ஆடையின்மேலே நிற்கிறது. ஒருவர் கிணறு மற்றவர் கிணற்றோடு மணலுக்கு அடியிற் கலந்தே இருக்கிறது. பக்கத்து வீட்டு மோட்டார் இரவு முழுவதும் ஓடினால், அதன் விளைவு நம் வாழையிலே தெரியும்.

தென்னையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். மழைக்குப்பின் அதன் ஓலைகள் நிமிர்ந்து பளபளக்கும். கண்டோர் மரம் தேறிவிட்டது என்பர். ஆனால் தென்னம்பாளை மரத்தின் குருத்துக்குள் உருவாகத் தொடங்கி வெடித்து வெளிவர ஏறக்குறைய 32 மாதங்களும், அதன்பின் காய் முற்ற இன்னும் 11 அல்லது 12 மாதங்களும் ஆகின்றன. வரட்சியின்போது உள்ளே கருவாக இருந்த பாளைகள், மழை மறந்துபோன காலத்திலே மெலிந்து வெளிவரும். வளவெல்லாம் செழித்திருக்க, மரம் மட்டும் காய்க்கவில்லையே என்று, இரண்டாண்டு கழித்து அதைத் தறிக்க ஆள் அழைப்போர் உளர். அக்காலத்தில் அதற்கு வேண்டியது கோடரி அன்று. அடியிலே சிறிது ஈரம். மரத்திலிருந்து சில அடி தள்ளி அகழி வெட்டி, பொச்சுமட்டைகளைக் குழிந்த பக்கம் மேல்நோக்க அடுக்கி, மண்ணிட்டு மூடினால், அவை மாரிநீரை உறிஞ்சி வைத்திருந்து கச்சான் காலத்திலே சிறிது சிறிதாக வேருக்குக் கொடுக்கும். ஒருமுறை புதைத்த மட்டை சில ஆண்டுகள் பயன்படும். அகழியை மழை ஓய்ந்த பிறகு வெட்டுவதிற் பயனில்லை. மண் நனைந்து இளகியிருக்கும் ஐப்பசி, கார்த்திகையிலேயே வெட்டிவிட வேண்டும்.