கைப்பேசியைக் கொடுத்தது தாயின் குற்றமா?

(மும்பை தாராவியில் தமிழ்ப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



"பிள்ளை எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறான்" என்ற முறையீடு தாராவி 90 அடிச் சாலையில் கேட்கிறது. மாட்டுங்காவின் அடுக்ககங்களிலும் செம்பூரின் குடியிருப்புகளிலும் கேட்கிறது. முறையீடு எழுந்தவுடன் பழி தாயின் மீது விழுகிறது. போனைக் கொடுத்தது யார் என்று கேட்பவர் பலர். கொடுக்கும் நிலைக்கு அவளைத் தள்ளியது எது என்று கேட்பவர் சிலரே.

தீங்கு உண்மையானது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே கூடாது, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. காரணம் எளிது. குழந்தை ஒரு மழலைச் சொல்லை உதிர்க்கிறது. தாய் மறுமொழி சொல்கிறாள். குழந்தை மீண்டும் முயல்கிறது. மொழி இப்படித்தான் வளர்கிறது. திரை ஓயாமல் பேசும். குழந்தை பேசுவதை அது கேட்பதில்லை. இரவில் அது உறக்கத்தைத் தின்கிறது; பகலில் ஓடியாடும் நேரத்தைத் தின்கிறது. வெளி வெளிச்சத்தில் போதிய நேரம் விளையாடாத பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் மிகுதி.

எனினும் அச்சத்தைப் பெருக்குவதும் பிழை. விளையாட்டு அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. அப்பட்டியல் 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கட்டுப்பாடு இழந்து, பிற கடமைகளைக் கைவிட்டு, கேடு தெரிந்தும் விடமுடியாத நிலை பொதுவாக ஓராண்டு நீடித்தால்தான் அது நோய். மாலையில் ஒரு மணி நேரம் விளையாடும் சிறுவன் நோயாளி அல்லன்.

அந்த ஒரு மணி நேரம் ஐந்தாவது எப்படி? எப்போது பரிசு கிடைக்கும் என்று தெரியாதபோதுதான் உயிரினம் விடாமல் முயலும் என்பது உளவியலின் பழைய பாடம். சூதாட்ட இயந்திரம் இதன்மீதே நிற்கிறது. பணம் கொடுத்துத் திறக்கும் மர்மப் பெட்டிகளும், தினமும் வராவிட்டால் இழக்கும் பரிசுகளும் இதே கணக்குதான். அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018இலேயே அறிவித்தது. விளையாட்டு இலவசம்; விற்பனையாவது பிள்ளையின் கவனம். பெருநிறுவனங்களின் வல்லுநர் படை ஒருபுறம். வேலைக்குப் போய்க் களைத்துத் திரும்பும் தாய் மறுபுறம். இது சமமான போட்டியா?

தாராவியின் பரப்பு ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டர்தான். வாழ்வோரோ பல லட்சம் பேர். ஒரே அறையில் சமையல், உறக்கம், தையல், அப்பளம் இடுதல் அனைத்தும் நடக்கின்றன. பெண் தொழிலாளர்கள் 30 பேருக்கு மேல் இருந்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். 50 பேர் பணிபுரியும் நிறுவனங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம். வீட்டிலேயே உருப்படிக் கூலிக்கு உழைக்கும் பெண் இவ்விரண்டிலும் இல்லை. அவளுக்குக் கிடைத்த காப்பகம் கைப்பேசி.

கொரோனாக் காலத்தில் அரசே அதைப் பள்ளியாக்கியது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட மும்பைப் பள்ளிகளுக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் திரும்பியது 2021 டிசம்பர் 15இல். ஏறத்தாழ 21 மாதங்கள் பாடத்திற்கென்று திரையைப் பழக்கிவிட்டு, இன்று அதற்காகப் பிள்ளையைக் கடிவது நியாயமாகாது.

அரசு செய்தது என்ன? 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டது. காரணம் குழந்தைகளின் நலனன்று, நாட்டின் பாதுகாப்பு. அடுத்த ஆண்டே வேறு பெயரில் அது திரும்பி வந்தது. 2025ஆம் ஆண்டின் இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடுக்கிறது, வரவேற்கத்தக்கதே. ஆனால் பிள்ளையைப் பிடித்து வைக்கும் வடிவமைப்பை அது தொடவில்லை. சீனா 2021இல் 18 வயதுக்குட்பட்டோருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் என்று வரையறுத்து, பொறுப்பை நிறுவனங்களின் மீது சுமத்தியது. அந்த நேர அளவை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பொறுப்பு யாருடையது என்ற பாடத்தை ஏற்கலாம்.

போனைப் பறித்தால் பிள்ளை எங்கே போவான்? ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டிடம் வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். தாராவி மறுசீரமைப்பு அதானி குழுமத்தின் கையில் உள்ளது. தகுதியற்றோர் எனப்படும் குடும்பங்களைக் குடியமர்த்த தேவ்நார் குப்பைமேட்டு நிலமும் ஒதுக்கப்பட்டுள்ளது. வரைபடத்தில் கடைக்கும் அலுவலகத்திற்கும் இடம் கேட்போர் உண்டு. பந்துக்கு இடம் கேட்கப் போவது யார்?

ஆகவே கோரிக்கைகள் தெளிவாகட்டும்: அங்கன்வாடிகள் முழுநாள் காப்பகங்களாக வேண்டும், அவற்றின் ஊழியர்க்கு முறையான ஊதியம் வேண்டும், மாநகராட்சிப் பள்ளித் திடல்கள் மாலையில் திறக்கப்பட வேண்டும், மறுசீரமைப்பில் குழந்தைகளின் இடம் எழுத்தில் உறுதியாக வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உண்ணும்போதும் உறங்கும் முன்னும் பெரியவர்களும் போனைக் கீழே வைக்கலாம். சங்க அலுவலகத்தில் வாரம் ஒரு மாலை கதை சொல்ல ஒருவர் அமரலாம். சந்துக்கு இருவர் பொறுப்பேற்றுப் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் செல்லலாம். பிள்ளையின் கையிலிருந்து போனை எடுக்கும் முன், அந்தக் கையில் வைக்க ஒரு பந்தும், ஓட ஒரு திடலும் வேண்டும். அதைப் பெற்றுத் தருவது இயக்கத்தின் கடமை.