மாந்தை மேட்டில் ஒரு நாள்



வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் செல்லும் நம்மவர் பலர். பாலாவியில் நீராடி, இறைவனை வணங்கித் திரும்பும் அவர்கள், தாம் மிதித்து நடந்த மேடு யாதென வினவுவதில்லை. அதுவே மாந்தை; மாதோட்டம் எனத் தேவாரம் பாடும் பழந்துறைமுகப் பட்டினம்.

சென்ற விடுமுறையில் வரலாறு பயிலும் மாணவர் பன்னிருவரை அங்கு அழைத்துச் சென்றேன். கோட்டையில் தலைமன்னார்ப் புகையிரதம் ஏறுவார்க்கு அது எளிய பயணமே. குதிரை இலாடம் போல் நகரை வளைத்த இரட்டை அகழிகளின் தடத்தைக் காட்டினேன். சீனத்துப் பீங்கானும் மேற்காசிய மட்கலமும் இம்மண்ணிற் கிடைத்ததை எடுத்துரைத்தேன். அப்பொழுது ஒரு மாணவன் நிலத்திற் கிடந்த ஓட்டுத் துண்டொன்றைச் சட்டைப்பையில் இட்டான். தடுத்தேன்.

"இங்கே எத்தனையோ கிடக்கின்றனவே, சேர். ஒன்று குறைந்தால் என்ன?" என்றான்.

அவனுக்கு என் கதையைக் கூறினேன். 1982ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயதிருக்கும்போது, தந்தையாருடன் அதே வழியில் நடந்தேன். ஜோன் கார்ஸ்வெல் என்னும் அறிஞர் தலைமையில் அக்காலத்தில் அகழ்வு நிகழ்ந்து வந்தது. நீலமெருகிட்ட ஓட்டுத் துண்டொன்றை நானும் எடுத்து வந்தேன். 1984ஆம் ஆண்டுடன் அகழ்வு நின்றது, போர் வந்தது. அத்துண்டோ என் மேசையிலேயே கிடந்தது. பல்லாண்டுகளின் பின் மனம் உறுத்த, தொல்பொருள் அலுவலர் ஒருவரிடம் அதை ஒப்படைத்தேன். "எவ்விடத்தில் எடுத்தீர்கள்? எந்தப் படையில் இருந்தது?" என்று வினவினார். விடை கூற என்னால் இயலவில்லை. சான்றாக இருந்ததை நான் வெறும் ஓடாக்கிவிட்டேன்.

பொருளினும் அது கிடந்த இடமே பெரிது, நேயர்களே. 2009, 2010ஆம் ஆண்டுகளில் மாந்தையை மீண்டும் அகழ்ந்தோர், தோண்டிய மண்ணை நீரிலிட்டு, மிதந்து வந்த வித்துக்களைச் சல்லடையில் ஏந்தினர். மிளகு கிடைத்தது, ஒரே ஒரு கராம்பும் கிடைத்தது. அது கிடந்த படையைக் கொண்டு, கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டதெனக் கணித்தனர். அக்காலத்திற் கராம்பு விளைந்தது கீழ்த்திசை மலுக்குத் தீவுகளில். ஆகவே அச்சிறு மொட்டு ஒரு நெடுங்கடல் வழியையே நமக்குக் காட்டுகின்றது.

ஏறக்குறைய அதே காலத்தில், உலகின் மறுகோடியில், நோர்ஸ் மாலுமிகள் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரையிற் குடில் அமைத்தனர். 1960ஆம் ஆண்டு ஹெல்கே இங்ஸ்டாட் அவ்விடத்தைக் கண்டார். அங்கு வாழ்ந்தோர் யாவர் என்பதைத் துலக்கியவை ஒரு வெண்கல ஊசியும், நூல் நூற்கும் கதிரின் கல்வில்லையுமே. அவற்றை எவரேனும் முன்னரே பொறுக்கிச் சென்றிருந்தால்?

மாணவன் அத்துண்டை எடுத்த இடத்திலேயே வைத்தான். அது எப்பக்கம் மேலாகக் கிடந்தது என்றும் நினைவுகூர்ந்து வைத்தான். நீங்களும் அடுத்த முறை கேதீச்சரம் செல்லுங்கால், சற்று நின்று அம்மேட்டைப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் வெறுங்கையுடன் திரும்புங்கள்.