பஸ்ஸிலிருந்து இறங்கிப்போன டிரம்மர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழில்துறையில் என் அனுபவங்கள்" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் அதை நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் வேறு ஒரு கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அதற்குள் சாப்பாடும் ரெடியாகிவிடும்.

2019 ஆகஸ்ட் கடைசியில் வேலை விஷயமாக இங்கிலாந்தில் இருந்தேன். லிவர்பூலில் அப்போது பீட்டில்ஸ் வாரம். ஞாயிற்றுக்கிழமை அடெல்ஃபி ஹோட்டலில் ரசிகர் மாநாடு. ஒரு பக்கம் பழைய இசைத்தட்டுக் கடைகள், இன்னொரு பக்கம் எந்தெந்த நாட்டுக்காரர்களோ அதே முடி, அதே கோட்டு! நம்ம ஊர்த் திருவிழாவில் வேஷம் கட்டுவார்களே, அதேதான். நான் போனது குவாரிமென் குழுவைப் பார்க்க.

அவர்கள் யார் என்று சிலர் யோசிப்பீர்கள். பீட்டில்ஸுக்கு முன்னால், 1956-ல், ஜான் லெனன் பள்ளிக்கூட நண்பர்களைச் சேர்த்து ஆரம்பித்த குழு. கையில் காசு கிடையாது. துணி துவைக்கிற தகரப் பலகை ஒரு வாத்தியம். தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, துடைப்பக் கம்பும் ஒரு கயிறும் கட்டினால் அதுதான் பேஸ். நாம ஹாஸ்டல் மெஸ் தட்டில் தாளம் போட்டோமே, அந்த ஜாதி! 1957 ஜூலை 6-ம் தேதி ஊல்ட்டன் சர்ச் விழாவில் வாசித்தார்கள். அன்றுதான் 16 வயது லெனனுக்கு 15 வயது பால் மெக்கார்ட்னி அறிமுகம்.

டிரம்ஸ் வாசித்தவர் காலின் ஹான்டன். சோபாவுக்கு மெத்தை தைக்கிற தொழில் பழகிக்கொண்டிருந்த பையன். 1958-ல் அந்தக் குழு முதன்முதலாக ஒரு தட்டுப் பதிவு செய்தபோதும் அவர்தான் டிரம்ஸ். கிட்டாரில் ஜார்ஜ் ஹாரிசனும் சேர்ந்தாயிற்று. அடுத்த வருஷம் ஒரு நிகழ்ச்சி முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் சண்டை. குடித்துவிட்டு வாசித்ததால் வந்த சண்டை. மனுஷன் டிரம்ஸோடு இறங்கிப் போனவர் திரும்பி வரவேயில்லை. அதற்கப்புறம் உலகத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். சர்ச் விழாவின் 40-வது ஆண்டு, 1997-ல் வந்தபோதுதான் பழைய ஆட்கள் மறுபடி கூடினார்கள்.

கிழவர்கள் பிரமாதமாக வாசித்தார்கள். முடிந்ததும் கையெழுத்துக்கு வரிசை. எனக்கு ஒரே ஒரு கேள்வி: அன்றைக்கு ஏன் சார் இறங்கினீங்க, அப்புறம் அதை நினைத்து வருத்தப்பட்டீங்களா? ஊரிலிருந்து கிளம்பும்போதே இங்கிலீஷில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். என் முறை வந்தது. அவர் நிமிர்ந்து சிரித்தார். எனக்கு வைவாவில் நின்ற மாதிரி நாக்கு ஒட்டிக்கொண்டது. "நல்ல டிரம்ஸ் சார்" என்றேன். கையெழுத்துப் போட்டார், கை குலுக்கினார். பின்னால் நின்ற அம்மா என்னை நகர்த்திவிட்டார்.

ஏன் அந்தக் கேள்வி என்று என் செட்டுக்குத் தெரியும். 2009-ல் வெளியூர்க் கல்ச்சுரல்ஸில் தோற்றுவிட்டு ராத்திரி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். தாளம் ஓடிப்போய் பாட்டே கெட்டது என்று நம்ம டிரம்மரை எல்லாரும் பிடித்துக்கொண்டோம். சத்தமாகக் கத்தியது நான். அவன் பேசாமல் ஏதோ ஒரு ஸ்டாப்பில் இறங்கிப் போனான். கடைசி வருஷம் முழுக்க என்னோடு பேச்சு இல்லை.

இன்றைக்கு வந்திருக்கிறான். ஆறாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில்.

டேய், அன்னிக்குத் தாளம் ஓடினது உன்னால இல்லைடா. பாட்டை வேகமா எடுத்தது நான்தான். உன் குச்சி ரெண்டும் இத்தனை வருஷமா என்கிட்டதான் இருக்கு, இப்ப பையில கொண்டுவந்திருக்கேன். பந்திக்கு முன்னாடி வந்து வாங்கிக்கோ.